பாதி சிவப்பு, பாதி வெள்ளை

கலிஃபோர்னியாவில், அனஹைம் நகரத்து டிஸ்னிலேண்டில், வாசலிலிருந்து நீள்கிற மெயின் ஸ்ட்ரீட்டின் மறுகோடியில் ரெஃப்ரெஷ்மென்ட் கார்னர் என்று ஒரு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. முகப்புக் கூரையின் விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன மின்விளக்குகள். ஒன்று சிவப்பு, அடுத்தது வெள்ளை, அதற்கடுத்தது சிவப்பு என்று மாறி மாறிப் போகும். விளக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிந்ததால் இந்த முறை ஓரிடத்தில் தட்டிப்போக வேண்டும். தட்டவில்லை. ஒரு விளக்குக்கு மட்டும் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாகச் சாயம் பூசி அந்த இடத்தில் பொருத்திவிட்டார்கள்.

அந்த விளக்குக்குக் கீழே நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் பியானோவில் பழைய ராக்டைம் வாசித்துக்கொண்டிருப்பார். குழந்தை வண்டிகள் மோதிக்கொள்ளும் நெரிசல். அண்ணாந்து பார்ப்பவர் அபூர்வம். பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிடும்: யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்திலும் இங்கே ஒருவர் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார்.

டிஸ்னிலேண்ட் போய்விட்டு வந்தவரிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ரைடு போனீங்க?" என்பது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால் நாள் வீண். விடுமுறைக் காலத்தில் பேர்பெற்ற ரைடு ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விளையாடுகிற நேரமோ சில நிமிடம். மதுரையில் தரிசன வரிசையை நினைத்துக்கொண்டே ஓடுகிறவர்கள் கம்பத்தடி மண்டபத்துத் தூண்களைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோவதில்லையா, அதே நஷ்டம்தான் இங்கும். கூட்டத்தால் நம்மிடமிருந்து பறிக்க முடியாதவை இந்தப் பூங்காவில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு வரிசை கிடையாது, தனிக் கட்டணம் கிடையாது. வேண்டியதெல்லாம் கண்ணும் காதும் கொஞ்சம் நிதானமும்.

இதைக் கட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1955 ஜூலை 17 அன்று திறந்த பூங்கா இது. 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, ஏறத்தாழ ஒரே ஆண்டில் எழுப்பினார்கள். வால்ட் டிஸ்னி இந்த வேலைக்கு அழைத்துக்கொண்டவர்களில் பலர் சினிமா ஸ்டுடியோக்காரர்கள். கலை இயக்குநர்கள், பின்னணி வரைபவர்கள், செட் போடுகிறவர்கள். முதலில் எது கண்ணில் பட வேண்டும், திரும்பினால் எது தெரிய வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று ஷாட் ஷாட்டாக யோசித்துப் பழகியவர்கள். கட்டடக் கலைஞர் கட்டியிருந்தால் அழகான கட்டடங்கள் வந்திருக்கும். இவர்கள் கட்டியதால் நடந்துபோகும்போது நமக்கு நாமே ஒரு படத்தை ஓட்டிக்கொள்கிறோம்.

வாசலிலேயே இது தொடங்கிவிடுகிறது. பூங்காவைச் சுற்றி மண் அணை கட்டி, அதன்மேல் ரயில் ஓடவிட்டிருக்கிறார்கள். நீராவி எஞ்சின் இழுக்கும் நிஜ ரயில், 3 அடி அகலப் பாதை. மண் அணை எதற்கு? வெளியே இருக்கும் அனஹைம் நகரம் உள்ளே இருப்பவர் கண்ணில் படாமல் இருப்பதற்கு. உள்ளே போக வேண்டுமானால் ரயில் நிலையத்தின் இரு பக்கமும் இருக்கும் சிறு சுரங்கப் பாதைகளில் ஒன்றில் நுழைய வேண்டும். சில அடி தூரத்துக்கு நிழல். இரு சுவரிலும் உள்ளே காத்திருக்கும் ரைடுகளின் வண்ணச் சுவரொட்டிகள், தியேட்டர் நடையில் வரப்போகும் படங்களின் போஸ்டர்களை ஒட்டியதுபோல. நிழலைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தால் 1900-ஐ ஒட்டிய ஓர் அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு விரிகிறது. விளக்கணைத்துத் திரை விலகும் அந்தக் கணத்தைச் சில அடி நடையில் செய்து காட்டியிருக்கிறார்கள். கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். பரவாயில்லை, ஓரமாக ஒதுங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நடைமுறை விஷயத்தை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் இருங்கள். உங்களுக்கு அவசியம் என்று படும் இரண்டு மூன்று பெரிய ரைடுகளை முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள். சாப்பாட்டைப் போனில் இருக்கும் ஆப் மூலம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தனியாக உட்காரச் சம்மதிப்பவருக்கென்று சில ரைடுகளில் தனி வரிசை உண்டு. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அது பெரிய வரம். ஊர்வலம் நடக்கும்போது மற்ற வரிசைகள் குறையும். இவ்வளவுதான். முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, கூட்டமும் வெயிலும் உச்சியில் இருக்கும் நேரத்தை, நுட்பங்களைப் பார்ப்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரமே வந்து நிற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பூங்கா திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பே வாசல் கதவுகளைத் திறந்து மெயின் ஸ்ட்ரீட் வரை விட்டுவிடுவார்கள். உள்பகுதிகள் திறக்கும்வரை அங்கே நிற்க வேண்டும். எல்லாரும் கைப்பேசியில் வரைபடத்தைப் புரட்டும் அந்த நேரத்தில் நீங்கள் மாடிகளைப் பாருங்கள். தரைத்தளம் ஏறத்தாழ நிஜ அளவு. முதல் மாடி அதைவிடச் சிறிது. அதற்கு மேலே இன்னும் சிறிது. உயரம் போகப் போக அளவைக் குறைத்தால் கட்டடம் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். சினிமா செட்டில் காலங்காலமாகச் செய்துவரும் வித்தை. இங்கே அது இன்னொரு காரியமும் செய்கிறது: தெரு நம்மை மிரட்டுவதில்லை. கடைகள் நமக்கு அடக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. வால்ட் சிறுவயதைக் கழித்த மிசூரி மாநிலத்து மார்சலின் ஊரின் நினைவும், வடிவமைப்பாளர் ஹார்ப்பர் காஃப் பிறந்த கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஊரின் சாயலும் இந்தத் தெருவில் கலந்திருக்கின்றன.

மாடி ஜன்னல்களில் எழுத்துகள் தெரியும். தையற்காரர், இசை ஆசிரியர், நிலத் தரகர் என்று தொழில் பெயரோடு ஆட்களின் பெயர்கள். கடை விளம்பரம் என்று நினைத்து எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அவை இந்தப் பூங்காவை உருவாக்கியவர்களின் பெயர்கள். படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலை இவர்கள் தெருவின் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு மேலே ஒரு ஜன்னலில் மட்டும் பகலிலும் விளக்கு எரியும். பூங்கா கட்டும்போது வால்ட் தங்கிய சிறு வீடு அது. அவர் நினைவாக அந்த விளக்கை அணைப்பதில்லை. தெருவோரத்துக் கம்பங்களில் எரிவது நிஜமான எரிவாயு விளக்கு. 19-ஆம் நூற்றாண்டில் கிழக்குக்கரை நகரத்துத் தெருக்களில் நின்ற கம்பங்களைப் பழைய இரும்பாக வாங்கி வந்து நட்டார்கள். அந்திவேளையில் அந்தச் சுடர் மின்விளக்கைப் போல நிலையாக நிற்காமல் மெல்ல நடுங்கும். தெருவுக்கு உயிர் இருப்பதாகத் தோன்றுவது அந்த நடுக்கத்தால்தான்.

மெயின் ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் எதிரே நிற்கும் கோட்டையைப் பார்த்து ஏமாற்றம் அடைகிறவர்கள் உண்டு. "இவ்வளவு சின்னதா?" என்பார்கள். தரையிலிருந்து உச்சிவரை 77 அடிதான். பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்து எழுந்த கற்பனை. அடிவரிசைக் கற்கள் பெரியவை. மேலே போகப் போகக் கற்கள் சுருங்கும். அதனால் 77 அடி அதைவிட உயரமாகக் காட்டுகிறது. இது மெயின் ஸ்ட்ரீட்டில் பார்த்த அதே வித்தை. கோட்டையை விட்டுவிட்டு அதன் வலப்புறமாக ஒதுங்கும் பாதையில் போங்கள் என்பேன். கூட்டம் பெரும்பாலும் நேராகக் கோட்டை வாயிலுக்குள் போய்விடும். இங்கே ஒரு சிறு நீர்நிலை, ஓர் அருவி, பாறைகளில் வெண்பளிங்குச் சிலைகள்: ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்.

சிலைகள் இத்தாலியிலிருந்து வந்தவை என்பார்கள். வந்தபோது ஒரு சிக்கல். ஸ்னோ வைட்டும் குள்ளர்களும் ஒரே உயரம். அப்படியே வரிசையாக நிறுத்தினால் கதையே குலைந்துபோகும். வேறு சிலை செய்யச் சொல்வதுதான் எளிய வழி. அந்தப் பொறுப்பை ஏற்ற வடிவமைப்பாளர் ஜான் ஹென்ச் சிலைகளை மாற்றவில்லை, இடத்தை மாற்றினார். ஸ்னோ வைட்டை அருவியின் உச்சிக்கு ஏற்றினார். குள்ளர்களைக் கீழே, நம் பக்கமாக இறக்கினார். அவளுக்கு அருகே சிறிய மான். தூரமும் உயரமும் மானின் சிறிய அளவும் சேர்ந்து கண்ணை ஏமாற்ற, அவள் குள்ளர்களைவிட உயரமான பெண் என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். தூரத்தில் இருப்பதால்தான் சிறிதாகத் தெரிகிறாள் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. குறையை மூடிமறைக்காமல் குறையையே காட்சியின் அமைப்பாக்கிய புத்திசாலித்தனம் இது. சிலைகளுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்று, முதலில் கதையைப் பாருங்கள், பிறகு உயரத்தை மட்டும் பாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காலடியையும் கவனியுங்கள். தரையின் நிறமும் சொரசொரப்பும் மாறும். குப்பைத்தொட்டியின் வடிவம் மாறும். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு தேய்ந்து இன்னொன்று எழும். எந்த அடியில் மாறியது என்று பிடிக்க முடியாது. பிள்ளைகளிடம் இதை ஒரு பந்தயமாகச் சொல்லி விடுங்கள். வரிசையில் நின்று அலுத்த பிள்ளைக்கும் கால் வலி மறந்துபோகும்.

அட்வென்சர்லேண்ட் பகுதியில் ஒரு பேரீச்சை மரம் இருக்கிறது, கானரித் தீவுகளைச் சேர்ந்த வகை. பூங்காவைவிட 59 வயது மூத்தது. 1896-இல் நட்ட மரம். இந்த நிலத்தில் வாழ்ந்த டொமிங்கெஸ் குடும்பத்துக்குக் கல்யாணப் பரிசாக வந்ததென்று சொல்வார்கள். நிலத்தை விற்கும்போது மரத்தைக் காப்பாற்றச் சொல்லி அந்தக் குடும்பம் கேட்டுக்கொள்ள, வேரோடு பெயர்த்து இங்கே கொண்டுவந்து நட்டார்கள். ஆரஞ்சுத் தோப்பு மரங்களுக்கு வேறு விதி. தோட்டக்கலைஞர் பில் எவன்ஸ் சில மரங்களைத் தலைகீழாக நட்டார். வேர்கள் வானத்தை நோக்கி முறுக்கிக்கொண்டு நிற்க, பெயர் தெரியாத காட்டுமரம்போல் ஆகிவிட்டன. பக்கத்தில் ஜங்கிள் குரூஸ் படகு ஓடும் ஆற்றில் தண்ணீருக்குச் சாயம் கலந்திருக்கும். படகை வழிநடத்தும் தண்டவாளம் தெரியாமல் இருக்கத்தான். செலவு குறைந்த தந்திரங்கள்தான், ஆனால் ஆற்றுக்கு ஆழம் இருப்பதாக நம்ப வைத்துவிடுகின்றன.

வரிசையைத் தவிர்க்க முடியாத இடத்தில் வரிசையையே பார்க்க வேண்டும். 1995-இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடு அதற்குச் சரியான இடம். காட்டுவழி, பாழடைந்த கோயில், குகை, ஆய்வாளர் முகாம் என்று நீண்டுகொண்டே போகும் பாதை. சுவரெல்லாம் புரியாத எழுத்துகள். உற்றுப் பார்த்தால் அவை ஆங்கில எழுத்தின் உருமாறிய வடிவங்கள், பொறுமையாகப் படிக்கலாம். ஓரிடத்தில் கூரையைத் தாங்குவதுபோல ஒரு மூங்கில் கம்பம். அதைத் தொடாதே என்று எச்சரிக்கை. தொடுங்கள். பொறி வேலை செய்யும் நாளாக இருந்தால் தலைக்கு மேலே கூரை முனகுவது கேட்கும். ரைடுக்குள் ஒரு பெரிய பாறை உருண்டு வரும்போது நம் வண்டி பின்வாங்குவதாக உணர்வோம். உண்மையில் நகர்வது நம்மைச் சுற்றியிருக்கும் சுவர். இதைத் தெரிந்துகொண்டு மறுமுறை போனாலும் வயிறு பின்வாங்கத்தான் செய்யும்.

பூங்காவுக்குள் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்து ரயில் நிலையத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். நடைமேடையில் பெஞ்சுகள், நல்ல நிழல். எதிரே தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு சிறு தந்தி அறை. அதிலிருந்து இடைவிடாமல் கடகடவென்று தந்திக் கருவியின் சத்தம். அந்தக் காலத்து நிலையம் என்று காட்டுவதற்கான வெறும் பின்னணி ஒலி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். உடன் இருந்த என் மாமனார் தபால் தந்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரைடு எதிலும் ஏற மாட்டேன் என்று காலையிலிருந்து பிடிவாதமாக இருந்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் பெஞ்சின் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, இது சும்மா சத்தம் இல்ல. யாரோ செய்தி அடிக்கிறாங்க. ஆனா நம்ம கோடு இல்ல. பாதி எழுத்து பிடிபடுது, பாதி நழுவுது" என்றார்.

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அமெரிக்க ரயில்வே தந்தியில் புழங்கியது பழைய அமெரிக்க மோர்ஸ். நம் தந்தி அலுவலகங்களில் புழங்கியது சர்வதேச மோர்ஸ். ஏ, பி, டி, இ போன்ற எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. சி, எல், ஓ, ஆர் போன்றவை வேறு. அந்தக் கருவி அடித்துக்கொண்டிருந்த செய்தி, 1955-இல் திறப்பு நாளன்று வால்ட் டிஸ்னி ஆற்றிய உரையின் தொடக்க வரிகள். அதை வாசிக்கத் தெரிந்தவர் இன்று மிகச் சிலர்தான் இருப்பார்கள். நம் நாட்டில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. வாசிப்பவர் அருகிப்போன மொழியில் பிழையில்லாத வாக்கியம் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வெறும் கடகடச் சத்தம் வைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? என்றைக்காவது ஒருவர் கேட்பார் என்று வைத்தார்கள். மாமா இரண்டு ரயில் போகும்வரை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் எல்லாரையும்விட நிறைவாகப் பொழுதைக் கழித்தவர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதே சதுக்கத்தில்தான் இரண்டு மகத்தான ரைடுகள் இருக்கின்றன. வரிசையில் நின்றாலும் தகும் என்று நான் தயங்காமல் சொல்பவை இவை. பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் 1967 மார்ச்சில் திறந்தது. வால்ட் அதற்கு மூன்று மாதம் முன்பு, 1966 டிசம்பர் 15-இல் இறந்துபோனார். படகில் ஏறியதும் கடற்கொள்ளையர் யாரும் வருவதில்லை. முதலில் ஒரு சதுப்பு நீர்வெளி. வெளியே உச்சிவெயில் கொளுத்தினாலும் இங்கே எப்போதும் அந்திநேரம். மின்மினிகள் அலைகின்றன. அவை மெல்லிய கம்பியில் தொங்கி விசிறிக் காற்றில் ஆடும் சிறு விளக்குகள். ஒரு படகுவீட்டின் திண்ணையில் கிழவர் ஒருவர் சாய்வு நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்கிறார், பாஞ்சோ மெல்ல ஒலிக்கிறது. ஒரு பக்கம் விளக்கொளியில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பொம்மைகள் இல்லை, ப்ளூ பாயூ உணவகத்துக்கு வந்த நிஜ வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நாம் காட்சி, நமக்கு அவர்கள் காட்சி. இந்த ஓரிரு நிமிட அமைதியை எடுத்துவிட்டால் பின்னால் வரும் பீரங்கிச் சண்டைக்கும் ஊர் எரிவதற்கும் பாதி மதிப்புகூட இருக்காது.

பிறகு இரண்டு சறுக்கல். வேடிக்கைக்காக மட்டும் வைத்ததில்லை. ரைடின் பெரிய கட்டடம் மண் அணைக்கு வெளியே இருக்கிறது. ரயில் பாதைக்கு அடியில் புகுந்து போகப் படகு கீழே இறங்கியாக வேண்டும். கட்டுமானத் தேவை ஒன்றை வயிற்றைக் கலக்கும் சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள். உள்ளே டிஸ்னி ஓவியர் மார்க் டேவிஸ் வரைந்த காட்சிகள் ஒவ்வொன்றும் ஒரு பார்வையில் கதை சொல்லும். சிறைக் கம்பிக்குள் கைதிகள், வெளியே வாயில் சாவிக்கொத்தைக் கவ்விய நாய். அவர்கள் கெஞ்சுகிறார்கள், அது அசையாமல் பார்க்கிறது. அவ்வளவுதான், வசனமே வேண்டாம். ஒரு பாலத்தின் அடியில் படகு போகும்போது தலையைத் தூக்குங்கள். மேலே குந்தியிருக்கும் குடிகாரக் கொள்ளையனின் வெறுங்கால் நம் தலைக்கு மேலே தொங்கும். பாதத்தில் அழுக்கு. காலில் உரோமம், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி. சில விநாடிகளில் கடந்துபோகும் ஒரு காலுக்கு யாரோ உட்கார்ந்து உரோமம் நட்டிருக்கிறார்கள்.

ஹான்டட் மேன்ஷன் இன்னும் நுட்பம். வெளிக் கட்டடம் 1963-இலேயே எழுந்துவிட்டது. உள்ளே பேய்கள் குடியேற 1969 வரை ஆனது. முதலில் ஓர் எண்கோண அறையில் நம்மை நிறுத்திக் கதவை அடைப்பார்கள். சுவர்ப் படங்கள் மெல்ல நீளும். அழகாக நிற்கும் பெண்ணின் காலடியில் முதலை வாய் பிளந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். அறை நீளவில்லை, நாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு லிஃப்ட். இங்கும் அதே காரணம், ரயில் பாதைக்கு அடியில் போக வேண்டும். ஃபுளோரிடாவில் பின்னால் கட்டிய மாளிகைக்கு அந்தத் தேவை இல்லை. அங்கே தரை அப்படியே நிற்கிறது, கூரைதான் உயர்கிறது. இரண்டிலும் நம் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

நடனக் கூடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் வண்டி மாடத்தில் நகர்கிறது. கீழே பெரிய கூடம், நீண்ட மேசை. ஊடுருவித் தெரியும் பேய்கள் விருந்துண்கின்றன, மெழுகுவத்தி ஊதுகின்றன, ஜோடி ஜோடியாகச் சுழல்கின்றன. திரையில்லை, படமில்லை. நமக்கும் கூடத்துக்கும் நடுவே மாபெரும் கண்ணாடி இருக்கிறது. பேய் உருவங்கள் நம் வண்டிக்குக் கீழேயும் மேலேயும் இருட்டில் நிற்கின்றன. அவற்றின்மேல் ஒளி பட்டால் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, கூடத்து நாற்காலிகளின் மேல் உட்கார்ந்ததுபோல் தெரியும். ஒளியை அணைத்தால் பேய் மறையும். 1862-இல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் பிரபலமாக்கிய உத்தி இது. நூறாண்டு கழித்து இத்தனை பெரிய அளவில் டிஸ்னி வடிவமைப்பாளர் யேல் கிரேசி முதலானவர்கள் அதை எழுப்பினார்கள்.

இங்கே ரசிகனுக்கென்று ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. சுழலும் ஜோடிகளைக் கவனியுங்கள். ஐரோப்பிய நடனத்தில் ஆண் முன்னடத்த, பெண் தொடர்வது வழக்கம். இங்கே பெண்கள் முன்னடத்துகிறார்கள். உருவங்களை வழக்கப்படிதான் செய்தார்கள். கண்ணாடிப் பிம்பத்தில் இடது வலதாகிவிட, நடனத்தின் தலைமையும் மாறிவிட்டது. பேய்கள் உலகத்தில் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் அழகாகவே பொருந்துகிறது. மூலையில் ஒரு பேய் வாசிக்கும் ஆர்கனையும் விட்டுவிடாதீர்கள். 1954-இல் டிஸ்னி எடுத்த கடலடிக் கப்பல் படத்தில் கேப்டன் நீமோ வாசித்த அதே ஆர்கன் அது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் ஜனவரி வரை இந்த மாளிகைக்கு வேறொரு பண்டிகை வேடம் போடுவார்கள். மூலவடிவைப் பார்க்க விரும்புகிறவர் மற்ற மாதங்களில் போவது நல்லது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லலாம். மேட்டர்ஹார்ன் மலையில், 1959-இல், முதன்முதலாக எஃகுக் குழாய்த் தண்டவாளத்தில் ரோலர்கோஸ்டர் ஓடியது. 147 அடி உயரம், நிஜ மலையின் நூற்றில் ஒரு பங்கு. வண்டி குலுக்கும், இடுப்பு வலிக்காரர்கள் கீழே நின்று மலையை ரசிப்பதே மேல். இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் பாட்டு காதை விட்டுப் போகாது. அதற்காக ஒதுக்கிவிடாமல் ஓவியர் மேரி பிளேரின் நிறச் சேர்க்கைக்காக ஒருமுறை போய் வாருங்கள். ஊதாவின் பக்கத்தில் ஆரஞ்சை வைக்க அவருக்கு இருந்த துணிச்சல் அசாத்தியமானது. வெயில் தாங்காதபோது 1963-இல் திறந்த டிக்கி ரூம் போங்கள். கைக்கொரு அன்னாசி ஐஸ்கிரீமோடு குளிர்ந்த இருட்டில் உட்கார்ந்தால், 150-க்கும் மேற்பட்ட பறவைகளும் பூக்களும் தலைக்கு மேலே பாடும். குழந்தைகளைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றுங்கள். டொரன்டோவிலிருந்து வாங்கி வந்த பழைய மரக்குதிரைகள், எல்லாம் பாயும் குதிரைகள். ஒரு குழந்தைக்கும் நிற்கும் குதிரை வாய்க்கக்கூடாது என்பது வால்ட் டிஸ்னியின் விருப்பம்.

இத்தனைக்கும் தொடக்கம் லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் ஒரு பெஞ்சு. மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அப்பாவுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வார இறுதி நாள்கள். பெரியவரும் குழந்தையும் சேர்ந்து களிக்க ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்ததாக வால்ட் சொல்லியிருக்கிறார். அந்தப் பூங்காவின் பெஞ்சு ஒன்றை மெயின் ஸ்ட்ரீட் ஆபெரா ஹவுஸ் முன்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவரின் மனதில் பிறந்த இடம் இது. ஆகவே இங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை நேர விரயம் என்று எண்ணாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெற்றோர் பலரை இங்கே அழைத்துப் போகிறார்கள். "இது சின்னப் பசங்க இடம், நாங்க வெளியில உக்கார்றோம்" என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடாதீர்கள். மாலையில் மெயின் ஸ்ட்ரீட் சதுக்கத்தில் கொடியிறக்கம் நடக்கும், வாத்தியக் குழு வாசிக்கும், நல்ல இடம் பார்த்து உட்கார வையுங்கள். தந்தி அறையின் எதிரே ஓர் அரை மணி கொடுங்கள். மார்க்கெட் ஹவுஸ் காபிக் கடைச் சுவரில் இருக்கும் பழைய தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், யாரோ இருவரின் ஊர்ப்பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இரவு, பூங்கா மூடும் நேரம் வந்ததும் எல்லாரும் வாசலுக்கு விரைவார்கள். நீங்கள் விரையாதீர்கள். மற்றப் பகுதிகள் மூடிய பிறகும் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் சிறிது நேரம் திறந்திருக்கும்.